கண்மாயில் வண்டல் அள்ள நாங்கள் அனுமதி வாங்கிய விதம்

எங்கள் ஊர் மானாமதுரை பக்கம். கண்மாய் சின்னதுதான், ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குள் என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது, அதற்கு மேல் இருந்தால் நீர்வளத்துறைக்குப் போய்விடும். வண்டலை இலவசமாக அள்ளலாம் என்பது 2017 முதலே எல்லோருக்கும் தெரியும், ஆனால் அப்போது கலெக்டர் ஆபீஸ் வரை நடக்க வேண்டும் என்பதால் யாரும் கிளம்பவில்லை. 2024-ல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள், இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம் என்றதும்தான் ஊரில் பேச்சு எழுந்தது.

முதல் முட்டுக்கட்டை, மாவட்ட அரசிதழில் வரும் பட்டியலில் எங்கள் கண்மாய் பெயரே இல்லை. பட்டியலில் இல்லாத கண்மாய்க்கு என்னதான் மனு போட்டாலும் நடக்காது. விசாரித்த இடத்தில் ஒருவர் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று ஃபைலைத் தள்ளி வைத்தார். சரி, ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டு, சர்வே எண்ணோடு நகலை ஒன்றியத்துக்கும் தாலுகாவுக்கும் சேர்த்தே கொடுத்தோம், தனி மனு கொடுத்திருந்தால் அதுவும் அந்த ஃபைலுக்கு அடியில்தான் போயிருக்கும். அடுத்த பட்டியலில் பெயர் வந்துவிட்டது.

அப்புறம் பட்டா. அனுமதி ஆளாளுக்குத் தனித்தனி, பட்டாவும், வயலில் என்ன சாகுபடி என்று காட்டும் அடங்கலும் வேண்டும், நிலமோ வீடோ அதே தாலுகாவில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கூட்டுப் பட்டா, பங்காளி ஒருவர் திருப்பூரில், இன்னொருவர் சிங்கப்பூரில். எங்கள் வி.ஏ.ஓ. பங்காளிகளிடம் போனில் பேசி, யார் எந்தப் பகுதியில் சாகுபடி செய்கிறார்கள் என்று வயலுக்கே வந்து பார்த்துச் சான்று கொடுத்தார். அவர் மட்டும் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால் இந்தக் கதையே இல்லை.

அளவு இப்படி: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு. புஞ்சைக்கு 90 கன மீட்டர், 30 லோடு. மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60 கன மீட்டர். மண்ணுக்குத்தான் காசு இல்லை, ஜேசிபி வாடகையும் டிராக்டர் டீசலும் நம் கைக்காசு, அதை ஏக்கர் கணக்கில் பிரித்துக்கொண்டோம்.

உண்மையான சண்டை அனுமதி வந்த பிறகுதான். ஆளுக்கொரு ஆர்டர் கையில் இருக்கிறது, வண்டி சுலபமாக இறங்கும் இடம் கரையோரம், எல்லோரும் அங்கேயே வெட்டினால் கரை பலவீனமாகும். மடைக்கு முன்னால் ஆழமாகத் தோண்டினாலும் பிரயோஜனமில்லை, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் வயலுக்கு ஏறாது. இதையெல்லாம் ஆர்டர் தாளைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சி வந்த எங்கள் பழைய நீர்பாய்ச்சிதான் கையில் ஒரு கட்டு கருவேலங்கம்போடு கண்மாய்க்குள் இறங்கி, வண்டல் மேடு கட்டியிருந்த இடங்களில் நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டினார். துணிக்கு அந்தப் பக்கம் ஜேசிபி போகக்கூடாது. மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்காரர்கள் கேட்ட களிமண் வேறு மூலையில் இருந்தது, அவர்களுக்குத் தனியாக ஒரு கம்பு. ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து இரண்டு கம்பை மட்டும் கரையிலிருந்து இன்னும் தள்ளி நடச் சொன்னார், மற்றதை அப்படியே ஒத்துக்கொண்டார்.

மழைக்கு முன்னே வேலை முடிந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இன்னும் தூர்ந்துதான் கிடக்கிறது, அது பக்கத்து ஊராட்சி எல்லை வழியாக வருவதால் அவர்களும் தீர்மானம் போட வேண்டும், பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரில் அள்ள நினைத்தால் கண்மாய் காய்ந்த பிறகு ஓடாதீர்கள், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தை மாதமே பார்த்துவிடுங்கள்.