கேமராவுக்காக அகலமாகும் பதுங்குகுழிகள்

போர்ப் படத்தில் பதுங்குகுழி வந்தால் முதலில் அதன் அகலத்தைப் பாருங்கள். இரண்டு பேர் தோள் இடிக்காமல் எதிரும் புதிருமாகப் போக முடிகிறதா? அப்படியானால் அது கேமராவுக்காக வெட்டிய குழி. 1957-இல் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ என்ற முதல் உலகப் போர்ப் படத்தை எடுத்த ஸ்டான்லி குப்ரிக், கேமரா வண்டி ஓட வேண்டுமென்று அசலைவிட அகலமாகவே வெட்டினார். படம் அதனால் கெட்டுப்போகவில்லை. ஆனால் அசல் குழியின் நெருக்கடியில்தான் சிப்பாயின் பாடு தொடங்குகிறது. ஸ்ட்ரெச்சரில் ஆளைத் தூக்கி வந்தால் வளைவில் திருப்ப இடம் இருக்காது. எதிரே ரேஷன் மூட்டையோடு வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். படத்தில் இதெல்லாம் ஓடியே கடந்துவிடும் தூரம்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, மலை ஏறினால் பலமனேர், சித்தூர் என்று நம் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போன வீடுகள் நிறைய. லீவில் வந்திருக்கும் மாமாவை வைத்துக்கொண்டு இப்படிப் படம் போட்டால், “மோர்ச்சாவுல இப்படி நிமிர்ந்து நின்னா தலை இருக்குமாடா?” என்று பத்தாவது நிமிடத்தில் ஆரம்பித்துவிடுவார். மோர்ச்சா என்றால் பட்டாளத்துப் பேச்சில் பதுங்குகுழி. அவர் சொல்வது சரி. முதல் உலகப் போரின் முன்வரிசைக் குழி சுமார் 2 மீட்டர் ஆழம். அடியில் நின்றால் வெளியே எதுவும் தெரியாது. எதிரிப் பக்கச் சுவரோடு 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படி வெட்டியிருப்பார்கள். அதில் ஏறினால்தான் சுட முடியும். படத்தில் தரையில் நின்றபடியே சுடுகிறார்கள் என்றால் குழியின் ஆழம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை என்று அர்த்தம். அதற்குள் நிமிர்ந்து நடந்தால் தலை வெளியே தெரியும். பகலில் வெளியே பார்க்க, கண்ணாடி பதித்த பெரிஸ்கோப் குழாய்தான். கதாநாயகன் தலையை நீட்டி அரை நிமிடம் வசனம் பேசும் காட்சியை, எதிரில் ஸ்னைப்பர் எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கோணல். முன்வரிசைக் குழி நேர்கோட்டில் போகாது. ஐந்து முதல் ஒன்பது மீட்டர் வரை ஒரு துண்டு, பிறகு வெட்டாமல் விட்ட மண் திட்டைச் சுற்றி ஒரு வளைவு, மறுபடி ஒரு துண்டு. ஒரு துண்டில் குண்டு விழுந்தால் சிதறல் பக்கத்துத் துண்டுக்குப் போகக் கூடாது. எதிரி உள்ளே குதித்துவிட்டாலும் ஒரே இடத்தில் நின்று வரிசை முழுக்கச் சுட்டுத் தள்ள முடியாது. சினிமாவுக்கோ நீண்ட நேர்க்குழி பிடிக்கும், கேமரா பின்னாலேயே போகலாம். 2019-இல் வந்த ‘1917’ படத்துக்கு ஒத்திகையில் வசனத்தின் நேரத்தை அளந்து, அதற்கேற்ற நீளத்தில் குழி வெட்டினார்கள். நல்ல உழைப்புதான், ஆனாலும் நீளத்தை முடிவு செய்தது வசனம்.

வெடிப்புக்கு வருவோம். நான் ஒப்புக்கொள்ளவே முடியாத பொய் இதுதான். ஆரஞ்சு நிறத்தில் உருண்டு எழும் தீப்பந்து பெட்ரோல் எரிவது. பீரங்கிக் குண்டு மண்ணில் வெடித்தால் கண்ணிமைக்கும் நேரம் ஒரு மின்னல், உடனே கரிய மண் தூண், பின்னால் புகை. கொல்வது தீ அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் இரும்புச் சில்லு. அந்தப் போரில் அடிபட்டவர்களில் பாதிக்கு மேல் பீரங்கியால் அடிபட்டவர்கள். சுட்டவனின் முகம் கடைசிவரை தெரியாது. முகம் இல்லாத எதிரியை வைத்துக் காட்சி எடுப்பது கஷ்டம் என்பதால் படங்கள் துப்பாக்கி முனையில் கத்தி செருகிய பயனெட்டுச் சண்டைக்கு ஓடிவிடுகின்றன.

துப்பாக்கிச் சத்தமும் அப்படியே. ரைபிள் தோட்டா ஒலியைவிட வேகமாக வருவதால், காதருகே கடந்தால் சாட்டை சொடுக்கியதுபோல் ‘சடக்’ என்று முதலில் கேட்கும். துப்பாக்கி வெடித்த ‘டப்’ அதற்குப் பிறகு. 500 மீட்டர் தூரத்திலிருந்து சுட்டால் இரண்டுக்கும் இடையே அரை நொடி போல இருக்கும். பழகிய சிப்பாய் அந்த இடைவெளியை வைத்தே தூரத்தைக் கணிப்பார். நம் ஒலிப்பதிவில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘விய்ய்ங்’ என்று வரும்.

தாக்குதலுக்கு விசில் ஊதியதும் குழியைவிட்டுப் பாய்ந்து ஓடுவதும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் களத்தில் பல பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் ஆளுக்கு 30 கிலோ அளவு சுமையோடு நடந்துதான் போயின. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் காயம்பட்டவர்களையும் சேர்த்து 57,470 பேர் இழப்பு, அதில் 19,240 பேர் சாவு. அந்த ஆண்டே ‘தி பேட்டில் ஆஃப் தி சோம்’ ஆவணப்படம் வெளிவந்தது. அதில் குழியிலிருந்து வீரர்கள் மேலேறும் புகழ்பெற்ற காட்சி, போர்முனைக்குப் பின்னால் ஒரு பயிற்சிப் பள்ளியில் நடித்து எடுத்தது. இந்தப் பழக்கத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது!

ஹெல்மெட் தவறுகளை இணையத்தில் ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள், விடுவோம். படங்கள் தொடாமலே விடுவது பொழுதை. குழியில் வேலை நேரம் இரவுதான். முள்கம்பி கட்டுவது, சரிந்த சுவரைத் தூக்கி நிறுத்துவது, சாப்பாடு சுமந்து வருவது எல்லாம் இருட்டில். தண்ணீர் பெட்ரோல் டின்னில் வரும், பெட்ரோல் வாடையோடுதான் குடிக்க வேண்டும். விடியலுக்கு முன்பும் அந்தி சாயும்போதும் எல்லாரும் ஆயுதத்தோடு படியேறி நிற்பார்கள். பகலில் தூக்கம், பேன் பார்ப்பது. சில நாள் முன்வரிசை, பிறகு பின்வரிசை, பிறகு ஓய்வு என்று முறை மாறும். மலையாளத்தில் 2015-இல் வந்த ‘பிக்கெட் 43’ மலை எல்லைக் காவல் கதை, குழிப்போரே இல்லை. ஆனால் காத்திருப்பது என்றால் என்ன என்று பல குழிப்போர்ப் படங்களைவிட அதில் நன்றாகத் தெரியும்.

முதல் உலகப் போரில் நம் ஆட்களும் இருந்தார்கள். ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இருந்தார்கள், பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63-ஆவது படை 1914-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. இதை யாராவது படமாக எடுக்கட்டும்.

மோர்தானா பக்கம், ஏரிக்கரையில் குறும்படம் எடுக்கும் தம்பிகளுக்கு ஒன்று. 2 மீட்டர் ஆழத்துக்கு ஜேசிபியை விடாதீர்கள், முட்டுக் கொடுக்காத சுவர் ஆள்மேல் சரியும். 1.2 மீட்டர் வெட்டி, இருபக்கமும் 80 சென்டிமீட்டர் மணல் மூட்டை அடுக்கினால் படத்தில் 2 மீட்டராகத் தெரியும். நீர் ஊறும் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸில் அந்தப் போரின் சிப்பாய்களே தரைக்கு மேல்தான் சுவர் எழுப்பினார்கள். பத்து மீட்டர் நீளத்துக்கு இருபக்கமும் சேர்த்து முந்நூறு மூட்டை போல ஆகும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் மின்னும், சணல் சாக்கே வாங்குங்கள். முக்கால் பங்கு நிரப்பி, தையல் உள்பக்கம் இருக்க வைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டையாக்குங்கள். ஒரு வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் இணைப்பு வரக் கூடாது. குழி விளிம்பிலிருந்து ஓர் அரை மீட்டர் விட்டு அடுக்குங்கள், இல்லையென்றால் மூட்டை பாரத்திலேயே விளிம்பு உடையும். இரவு மழை பெய்திருந்தால் மறுநாள் அதில் யாரையும் இறக்க வேண்டாம். ஷூட்டிங் முடிந்த அன்றே மூடிவிடுங்கள், ஆடு மாடு விழும்.