சுயபுணர்ச்சிக்காரர் என்கிற அந்த ஒரு வார்த்தை

போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு தம்பி மட்டும் பைக்கை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான். இருபது வயசு, இன்ஜினியரிங் படிக்கிறான், கொயரில் நன்றாகப் பாடுவான். "அண்ணா, டீ சாப்பிடலாமா?" என்றான். காட்பாடி ரோட்டில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். டீ ஆறி ஏடு கட்டுகிற வரைக்கும் அரியர், பிளேஸ்மென்ட், வேலூர் வெயில் என்று எதையெதையோ பேசினான். அப்புறம் போனை எடுத்து 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி என் பக்கம் திருப்பி வைத்தான். திரை முழுக்க ஒரே சொல்தான் இருந்தது: சுயபுணர்ச்சிக்காரரும்.

"இதுல நானும் இருக்கேன் அண்ணா. இன்னா பண்றதுன்னே தெரியல. நாலு மாசமா திருவிருந்து எடுக்கல."

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவனைப் போல எத்தனை பேர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அதே வார்த்தையை என் பைபிளில் நான் அடித்து வைத்திருக்கிறேன். காலேஜ் இரண்டாம் வருஷம். முதலில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன், பயத்தில். அப்புறம் ஒரு ராத்திரி, அந்தச் சொல் என் கண்ணிலேயே படக்கூடாது என்று நீலப் பேனாவால் திரும்பத் திரும்பக் கிறுக்கியதில் தாள் கிழிந்து, பின்பக்கத்தில் இருந்த ஒரு சொல்லும் சேர்ந்து போய்விட்டது. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் நான் திருவிருந்து, அதாவது ஆராதனையில் கொடுக்கிற அப்பமும் திராட்சரசமும், எடுக்கவில்லை. 'அபாத்திரமாய்' புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்று அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே, அதுதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக எழுந்து போய் முழங்காலிடும்போது நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்க மாட்டார். அந்தக் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சரி, அந்த வார்த்தைக்கு வருகிறேன். பவுல் கிரேக்கத்தில் எழுதிய சொல் 'மலக்கோய்'. நேரடியான அர்த்தம் மென்மையானவர்கள். இதே சொல்லை மத்தேயு 11:8இல் இயேசு சொல்வதாக வாசிக்கிறோம், யோவான்ஸ்நானனைப் பற்றிப் பேசும்போது: மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ பார்க்கப் போனீர்கள் என்று. அந்த 'மெல்லிய' தான் இது. கொரிந்தியரில் 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள் பெண்தன்மையுள்ளவர்கள் என்ற பொருளில் மொழிபெயர்த்தது. இன்றைய அறிஞர்களில் பெரும்பாலானவர்கள் ஆணோடு உறவு கொள்கிற ஆணைக் குறிக்கிறது என்கிறார்கள், சிலர் பொதுவாகச் சுகபோகத்தில் ஊறியவன் என்கிறார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்தான் அது 'சுயபுணர்ச்சிக்காரர்' ஆயிற்று. மொழிபெயர்த்தவர்கள் கையிலிருந்து போட்டுவிட்டார்கள் என்று சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் காலத்திலேயே 'மென்மை' என்ற லத்தீன் சொல்லை இந்தக் கைப்பழக்கத்துக்குப் பெயராக வைத்துப் பேசியிருக்கிறார்கள், அந்த வழக்கம் இருந்தது. ஆனால் கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தை எடுத்து அதே வசனத்தைப் பாருங்கள், சுயபுணர்ச்சி என்ற சொல்லே அங்கே இல்லை. இங்கிலீஷ் பைபிள் படித்து வளர்ந்த ஒரு பையனுக்கு இந்த வசனத்தில் தன் பெயர் இருப்பதாகத் தோன்றவே தோன்றாது. தமிழில் படிக்கிற பையன் திருடன், வெறியன், கொள்ளைக்காரன் பட்டியலில் தன் பெயரைப் பார்க்கிறான். தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்று வேறு முடிகிறது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது, இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமாயிற்று.

இந்தப் பழக்கத்துக்கு எதிராக எடுத்துக்காட்டுகிற ஓனான் கதையும் அப்படித்தான். ஆதியாகமம் 38. செத்துப்போன அண்ணனுக்குச் சந்ததி உண்டாக்க வேண்டிய கடமையை ஏற்று அண்ணன் மனைவி தாமாரோடு சேர்ந்துவிட்டு, பிள்ளை மட்டும் பிறக்காதபடி பார்த்துக்கொண்டான். அந்தத் துரோகம்தான் அங்கே விஷயம், அவன் தனியாகக்கூட இல்லை. லேவியராகமம் 15ஐ யாராவது பிரசங்கத்தில் எடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? ஒருவனுக்கு இந்திரியம், அதாவது விந்து, கழிந்தால் தண்ணீரில் முழுக வேண்டும், சாயங்காலம் வரைக்கும் தீட்டு, அவ்வளவுதான். பலி கிடையாது. எதற்கெடுத்தாலும் ஆடும் புறாவும் கேட்கிற புத்தகத்தில் இதற்கு ஒரு குளியலோடு விட்டிருக்கிறது. ராத்திரி தூக்கத்தில் நடப்பதற்கும் இதே சட்டம்தான்.

பிரசங்க பீடத்துக்கு வெளியே இருக்கிற பயம் இதைவிடப் பெரியது. 'விந்து விட்டவன் நொந்து கெட்டான்' என்று பழமொழி. நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்று ஒரு கணக்கு. மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார், கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி குணமாகும் என்று பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் நோட்டீஸ். இந்த பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 1760இல் சுவிட்சர்லாந்து டாக்டர் டிஸ்ஸோ ஓனான் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு புத்தகம் போட்டார், இந்தப் பழக்கம் உடம்பையே அழித்துவிடும் என்று. இன்றைய மருத்துவம் அதை ஒத்துக்கொள்வதில்லை. குருடாக்காது, நரம்பு தளராது, பிள்ளை பிறக்காமல் போகாது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வந்து வரிசையில் நிற்கிற வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியாக இருக்கிறது. அதன் நிழலில் வளர்கிற நம் பையன் லாட்ஜ் மாடிப்படி ஏறி லேகியத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வருகிறான். யாரிடமும் கேட்க முடியாததால் வருகிற கதி இது.

கத்தோலிக்கத் திருச்சபை இதில் தெளிவாகப் பாவம் என்றுதான் சொல்கிறது. 1992இல் வந்த மறைக்கல்வி நூலில் 2352ஆம் எண்ணில் இருக்கிறது, கடுமையான ஒழுங்குமீறல் என்று. அதே பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது: மனமுதிர்ச்சி இல்லாமை, ஊறிப்போன பழக்கத்தின் பிடி, மனக்கலக்கம் இவற்றையெல்லாம் கணக்கில் எடுக்கச் சொல்கிறது, குற்றம் குறையலாம் என்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தை முன்னால் முழங்காலிட்டுச் சொல்லிவிட்டு எழுந்து வர ஒரு இடமாவது அவர்களுக்கு இருக்கிறது. சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த எங்களுக்குப் பொதுவான பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து வாசிப்பதோடு சரி. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் உபவாசம், விடுதலை ஜெபம், இதை ஒரு ஆவி என்று துரத்துகிறவர்களும் உண்டு. அமெரிக்க சுவிசேஷகர்களிலோ ஜேம்ஸ் டாப்சன் மாதிரி ரொம்பக் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவரே, இதைப் பெரிய விஷயமாக்கிப் பிள்ளைகளைக் குற்ற உணர்ச்சியில் தள்ளாதீர்கள் என்று பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறார்.

அப்போ பாவமே இல்லையா என்று கேட்டால், அப்படியும் என்னால் சொல்ல முடியாது. மத்தேயு 5:28 அங்கேயே இருக்கிறது, இச்சையோடு பார்க்கிறவன் இருதயத்தில் விபசாரஞ்செய்தாயிற்று என்று. அதில் மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்றும் இல்லை. பெந்தெகொஸ்தே போதகராக இருக்கிற என் நண்பன் கேட்பான், "இச்சை இல்லாம இது நடக்குமாடா?" நியாயமான கேள்வி, நான் அதைத் தள்ளிவிடவில்லை. வேதம் இந்தச் செயலைப் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை என்பது என் நம்பிக்கை. ஆனால் போனில் வருகிற அந்தப் படங்களைக் கண்டிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே இருக்கிற பொண்ணும் யாரோ பெற்ற பிள்ளை. பக்கத்துத் தெருப் பெண்ணையோ கிளாஸில் படிக்கிற பெண்ணையோ மனசுக்குள் இழுத்து வந்து பயன்படுத்துவதும் அப்படியே. 1956இல் கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் ஒரு கடிதத்தில் இதைப் பற்றி எழுதும்போது கற்பனை அந்தப்புரம்தான் ஆபத்து என்றார், மனுஷனைத் தன்னிலிருந்து வெளியே இன்னொருவரிடம் கொண்டுபோக வேண்டிய ஆசை அவனைத் தனக்குள்ளேயே பூட்டிவிடுகிறது என்று. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அதை வாசித்தபோது எனக்கு உறைத்தது. நான் கிறுக்கிக் கிழித்த இடத்துக்கு மூன்று வசனம் தள்ளி, 12ஆம் வசனத்தில், பவுல் சொல்வது கிழியாமல் இருக்கிறது: ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன். அதுதான் என் அளவுகோல். அது உன்னை ஆள்கிறதா?

பெண் பிள்ளைகளும் இதே பாரத்தோடு இருக்கிறார்கள் என்று சண்டே ஸ்கூல் எடுக்கிற என் மனைவி சொல்வாள். அவர்களிடம் 'உங்களுக்கும் இருக்குமா' என்றுகூட யாரும் கேட்பதில்லை. அதை அவள் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

என்னை வெளியே கொண்டுவந்தது அப்போது இருந்த எங்கள் வயசான ஆயர். ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார், நான் போய் நின்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. கடைசியில், எத்தனை நாளாகத் திருவிருந்துக்கு வரவில்லை என்று கேட்டார். ஒன்றரை வருஷம் என்றதும்தான் மடித்த அங்கியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அது பந்தி தம்பி. பசிக்கிறவன் வர்ற இடம். நீ ஏன் பட்டினி கெடந்த?" என்றார்.

காட்பாடி ரோட்டில் அந்தத் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன், கிரேக்கமெல்லாம் அப்புறம். போனில் இருந்த இரண்டு ஆப்பை அவனே அழித்தான். ராத்திரி ரொம்பக் கஷ்டமாக இருந்தால் எத்தனை மணியானாலும் கூப்பிடு என்றேன். இதுவரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான், அதில் இரண்டு தடவை கிரிக்கெட் பற்றித்தான் பேசினோம். ஒரு தடவை, "இன்னிக்கு விழுந்துட்டேன் அண்ணா" என்றான். சரி, தூங்கு, காலையில் பேசலாம் என்றேன்.

இந்த மாதம் முதல் ஞாயிறு, கொயர் எழுந்தபோது அவனும் அவர்களோடு எழுந்து போனான்.