சராசரி எங்கே ஏமாற்றுகிறது

கிடங்கில் ஒரு பொருளின் மாதப் பயன்பாடு என்பது தொடக்க இருப்பு + வரவு − இறுதி இருப்பு. சேதாரமும் வேறு கிடங்குக்கு மாற்றியதும் இதில் கலந்துவிடும். அவற்றுக்குத் சரக்கு ஏன் குறைந்தது என்று காட்டும் தனிக் காரணக் குறியீடு வையுங்கள்.

பலர் சறுக்குவது சராசரியில்தான். 30 நாளில் 240 போயிருந்தால் நாளுக்கு 8 என்று மென்பொருள் காட்டும். நடுவில் 6 நாள் இருப்பே இல்லையென்றால்? 24-ஆல் வகுங்கள்: 10. சரக்கு வர 7 நாள், பாதுகாப்பு இருப்பு (தாமதம் வந்தால் சமாளிக்க வைக்கும் சரக்கு) 20 என்றால், இருப்பு 90 ஆகும்போதே (10 × 7 + 20) மறு ஆர்டர் போட வேண்டும். எட்டை நம்பினால் 76 வரை காத்திருப்பீர்கள். சரக்கு ஒரு நாள் தாமதித்தாலே அலமாரி காலி. அறிக்கை மட்டும் அழகாக இருக்கும்!

பயன்பாடு திடீரென 12 மடங்கு எகிறினால் முதலில் அலகைப் பாருங்கள். ஒற்றை உருப்படி கொடுத்ததை யாரோ 12 கொண்ட பெட்டி என்று பதிந்திருப்பார்கள்.