கனத்த ரைஃபிளுக்கு இலேசான தோட்டா: முதல் தொண்ணூறு ரவுண்டு

எல்லாம் ஒரு 'டிக்' சத்தத்தில் ஆரம்பித்தது. என்னுடைய ரைஃபிள் 375 எச் அண்ட் எச் மேக்னம் என்ற தோட்டாவைச் சுடுவது. அது 1912-ல் வந்த பழைய தோட்டா, பெரிய மிருகங்களுக்கானது. சுடுதளத்தில் நண்பர் ஒருவர் எனக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகி வைத்திருந்தார். விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை, ஆனால் குழல் முனை மட்டும் நாலு விரல் கீழே போய் வந்தது. "என்ன அண்ணே, குழல் கும்பிடு போடுது!" என்றார்.

உதைக்கப் போகிறது என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கண் மூடுகிறது, தோள் முன்னால் தள்ளுகிறது. இதற்கு மனதைத் திடப்படுத்துவதால் பயனில்லை. உதைக்காத சுடுதல் நிறைய வேண்டும். சின்ன 22 ரைஃபிளில் பழகலாம்தான். ஆனால் அதே போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடும் தாழ்), அதே விசை, அதே ஸ்கோப்பில் பழகினால்தான் கைக்குப் பதியும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் இலேசான தோட்டாவை நானே நிரப்புவது என்று முடிவு செய்தேன்.

முதலில் காகிதத்தில் ஒரு கணக்கு. வழக்கமான குண்டு 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர். ஸ்கோப்போடு 4.2 கிலோ இருக்கும் ரைஃபிள் அதில் சுமார் 50 ஜூல் பின்னுதைப்பைத் தோளில் இறக்குகிறது. 17 கிராம் ஈயக் குண்டை 430 மீட்டர் வேகத்தில் அனுப்பினால் அது 10 ஜூலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு! குண்டின் எடை பெரிதாகக் குறையவில்லை. வேகமும் வெடிமருந்தும் குறைந்ததுதான் காரணம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'வழக்கமான மருந்தையே பாதி போட்டால் பாதி உதை' என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்யக் கூடாது. மெதுவாக எரியும் மருந்தை, அதன் தயாரிப்பாளர் தரும் அளவு அட்டவணையின் கீழ் எல்லைக்கும் கீழே குறைத்தால், அழுத்தம் குறைவதற்குப் பதில் தாறுமாறாக எகிறலாம் என்று மருந்து தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். இலேசான தோட்டாவுக்கென்று அவர்கள் அச்சிட்ட அட்டவணையில் எந்த மருந்து, எத்தனை கிரெய்ன் என்று இருக்கிறதோ அதுதான். என் அளவுகளை இங்கே எழுதாததும் அதனால்தான். என் ரைஃபிளில் சரியானது உங்கள் ரைஃபிளில் சரியாக இருக்கும் என்று நான் சொல்ல முடியாது.

முதல் தொகுதி 50. அட்டவணையில் இருந்த, வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்து ஒன்றை எடுத்தேன். போட்டுவிட்டு உள்ளே பார்த்தால் வயிறு கலங்கியது. அவ்வளவு பெரிய பித்தளைக் கூட்டின் அடியில் ஏதோ சிந்திய மாதிரி கொஞ்சம் மருந்து. அதே கூட்டில் தவறி இரண்டாம் முறை விழுந்தாலும் வெளியே தெரியாது.

ஈயக் குண்டு செப்பு உறை போட்ட குண்டு மாதிரி இல்லை, ரொம்ப மென்மை. கூட்டின் வாயை ஒரு டையால் (வடிவமைக்கும் அச்சு) துளி அகலப்படுத்தாமல் குண்டை இறக்கினேன். மூன்றாவதிலேயே விளிம்பு ஈயத்தைச் சீவி, மோதிரம் மாதிரி ஒரு சுருள் வெளியே வந்தது. அப்புறம் வாயை விரித்து, குண்டை விரலால் நிமிர்த்தி வைத்து, பிரஸ் என்ற அழுத்தும் கருவியில் மெதுவாக இறக்கி, கடைசியில் விரிந்த வாயைச் சமப்படுத்தினேன். நிதானமான வேலை. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று.

சுடுதளத்தில் முதல் இருபது அருமை. இருபத்தொன்றாவது 'பொத்' என்றது. சத்தமும் இல்லை, உதையும் இல்லை. இலக்கில் புதுத் துளையும் இல்லை. கை தன்னிச்சையாக அடுத்ததை ஏற்றப் போனது. நிறுத்தினேன். குழலை இலக்குப் பக்கமே வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்து போல்ட்டைத் திறந்தேன். கூடு மட்டும் வந்தது. போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன்: இருட்டு. குண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கூட்டில் மருந்தே இல்லை. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் வரிப்பள்ளத்துக்குள் தள்ளிவிட்டிருக்கிறது. அதன் மேல் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் போயிருக்கும், கையும் முகமும் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்து, எண்ணெய் விட்டு, முன்வாயிலிருந்து பித்தளைக் கம்பியை நுழைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி வெளியே எடுத்தேன். மிச்சம் 29 தோட்டாக்களைச் சுடவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நிரப்பும்போது ஒரு போன் அழைப்பை எடுத்தது நினைவுக்கு வந்தது.

இரண்டாம் தொகுதிக்கு மருந்தையே மாற்றினேன். ட்ரெயில் பாஸ் என்ற மருந்து இதற்கென்றே செய்த மாதிரி. ஒவ்வொரு துகளும் நடுவில் ஓட்டை போட்ட குட்டி வளையம். எடைக்கு மீறி இடத்தை அடைக்கும். கூட்டில் நன்றாகத் தெரிகிறது, இருமுறை போட்டால் வழிந்துவிடும். குண்டால் அதை அமுக்கி நெருக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. 40 கூடுகளையும் மரத் தட்டில் நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே மட்டம். அதன் பிறகுதான் முதல் குண்டு. போன் வேறு அறையில்.

வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் குண்டின் வேகம் வினாடிக்கு 420-லிருந்து 438 மீட்டர் வரை. கூடுகளின் கழுத்தெல்லாம் கரி. அழுத்தம் குறைவு என்பதால் பித்தளை விரிந்து, குழலில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டவில்லை, புகை பின்னால் கசிகிறது. பயப்பட ஒன்றுமில்லை, துடைக்கும் வேலைதான் கூடுதல்.

ஸ்கோப் முழுச் சக்தித் தோட்டாவுக்கு 100 மீட்டரில் சரி செய்தது. இலேசான தோட்டா 50 மீட்டரில் 6 சென்டிமீட்டர் கீழே, 3 சென்டிமீட்டர் இடப்பக்கம் விழுந்தது. கீழே விழுவது வேகக் குறைவால். இடப்பக்கம், குழல் வேறு மாதிரி அதிர்வதால் என்று நினைக்கிறேன். ஸ்கோப்பைத் தொடவில்லை, அந்த அளவுக்கு மேலேயும் வலப்பக்கமும் தள்ளி ஒரு வட்டம் வரைந்து அதைக் குறிவைத்தேன். ஐந்து குண்டுகள் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின.

பெட்டி முழுக்கச் சிவப்பு மையில் 'பழக்கத்துக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறேன். முழுத் தோட்டாவோடு கலந்துபோய் வேட்டையில் இது கைக்கு வந்தால் வினைதான்.

போன வாரம் அதே நண்பர், அதே விளையாட்டு. பத்து இலேசானவற்றில் இரண்டு போலி. இரண்டிலும் ஸ்கோப்பின் குறிக்கம்பி அசையவில்லை. உடனே சிரித்துக்கொண்டே முழுச் சக்தித் தோட்டா மூன்றும் போலி ஒன்றும் கலந்து கொடுத்தார். போலியில் குழல் கும்பிட்டது. ஆனால் நாலு விரல் இல்லை, ஒரு விரல். அடுத்த 40 கூடுகளைத் துடைத்து வைத்திருக்கிறேன்.