ஏழாம் தேதி

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் ஆபீசில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். கடலூர் சிப்காட்டில் நான் கணக்குப் பார்த்த கம்பெனி அப்படியொன்றும் பெரியதல்ல. மூன்று வருட சராசரி லாபம் 6 கோடி. அதில் 2 சதவீதம், அதாவது 12 லட்சம், 31ஆம் தேதிக்குள் சமூகப் பொறுப்புக் கணக்கில், அதாவது ஊர் நலனுக்கு, செலவாக வேண்டும். 2013ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு. தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் தனிக் கமிட்டி தேவையில்லை, இயக்குநர் போர்டே பார்த்துக்கொள்ளலாம். போர்டு பார்த்துக்கொள்ளும் என்றால் கணக்குப் பிரிவில் இளிச்சவாயன் ஒருவன் பார்ப்பான் என்று அர்த்தம்.

எங்கள் ஜி.எம்.முக்கு யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு வருடம் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாரத்தான் நடத்தலாம் என்றார். மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்ற ஒருநாள் கூத்தெல்லாம் செல்லாது என்று 2014 ஜூனில் கம்பெனி விவகார அமைச்சகம் விட்ட சுற்றறிக்கையைக் காட்டி அதை நிறுத்தினேன். தைப்பூசம் போய்விட்டதே, வடலூரில் பந்தல் போட்டு கம்பெனி பேனர் கட்டியிருக்கலாமே என்று அடுத்து வருத்தப்பட்டார். தருமசாலையில் 1867ல் அடுப்பு மூட்டியபோது வள்ளலார் பேனரா கட்டினார் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. இன்கிரிமென்ட் நேரம். கேட்கவில்லை.

கடைசியில் பக்கத்துக் கிராமத்துப் பெண்களுக்குத் தையல் மிஷின் என்று முடிவானது. ஷாமியானா, பொன்னாடை, போட்டோகிராபர், டீ, போண்டா. விழாவுக்கு மட்டும் 41 ஆயிரம்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண் எங்கள் கம்பெனியிலேயே கூட்டிப் பெருக்குகிறவர். காண்ட்ராக்டர் ஆள். அவருடைய நாத்தனாருக்கு ஒரு மிஷின் கிடைத்திருந்தது. "உங்களுக்கும் ஒண்ணு கேட்டிருக்கலாமே அக்கா" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"மிஷின் கெடக்குது சார். சம்பளத்த ஏழாந்தேதி போடச் சொல்லுங்க. சீட்டுக்காரன் பத்தாந்தேதி வந்து நிக்கிறான்."

அந்த ஏழாந்தேதி எனக்குப் புதிதில்லை. வேலை பார்த்துக்கொண்டே மாலை நேர எம்.பி.ஏ. படித்தது ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தில். சனிக்கிழமை கடைசி வகுப்பு வணிக அறம். பாதி பேர் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை எடுத்த ஃபாதர் பிரசங்கம் செய்யமாட்டார், சம்பளப் பட்டியலைப் போர்டில் எழுதுவார். "கம்பெனி யாருக்கு முதல்ல பணம் தருது, யாருக்குக் கடைசியில தருது, இதைப் பாத்துட்டு அப்புறம் அதோட கொள்கை அறிக்கையைப் படிங்க" என்பார். 1891ல் திருத்தந்தை பதிமூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல் எங்களுக்குப் பாடமாகவே இருந்தது. ஒருநாள் லேவியர் 19:13 எடுத்தார்: கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது. பரங்கிப்பேட்டை நண்பன் உடனே, வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடு என்று நபிமொழி இருக்கிறது என்றான். எனக்கு வேதம் எதுவும் ஞாபகம் வரவில்லை. குள்ளஞ்சாவடியில் எங்கள் தாத்தா, முந்திரி பொறுக்க வந்தவர்களுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலியை எண்ணிக் கொடுத்துவிடுவார் என்றேன்.

"கடவுளுக்குப் பயந்தா?"

"இல்ல ஃபாதர். குடுக்கலன்னா மறுநாள் ஆள் வராது."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்போதுதான் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "நம்ம காலேஜ்ல பெருக்குற அக்காவுக்கு எத்தனாந்தேதி சம்பளம் ஃபாதர்?" என்றாள். அவருக்குத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்ததும் வேறெதுவும் பேசாமல் போர்டில் 12 என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் படித்த அத்தனை பாடத்திலும் மனதில் நிற்பது அந்த 12தான்.

எங்கள் கம்பெனியில் எத்தனாம் தேதி என்று மிஷின் விழா நடந்த அன்று மாலையே பைலை எடுத்துப் பார்த்தேன். 18. சில மாதம் 20. காண்ட்ராக்டரைத் திட்டலாம் என்றுதான் போனேன். ஆனால் அவருடைய பில்லை 45 நாள் கழித்துப் பாஸ் செய்வது நாங்கள், இன்னும் சொன்னால் நான். ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலையில் 7ஆம் தேதிக்குள் சம்பளம் என்பது அப்போதிருந்த 1936ஆம் வருடச் சட்டம். காண்ட்ராக்டர் தரவில்லை என்றால் முதலாளி கம்பெனியே தர வேண்டும் என்றது அப்போதிருந்த 1970ஆம் வருடத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். இரண்டும் என் அலமாரியில் தூசியோடு இருந்தன.

கணக்குப் போட்டேன். 22 பெண்கள், மாதம் இரண்டரை லட்சம். பில்லை 5ஆம் தேதியே கொடுத்தால் ஓவர்டிராஃப்ட் வட்டி வருடத்துக்குச் சுமார் 33 ஆயிரம் கூடும். போண்டாவும் பொன்னாடையும் அதைவிட அதிகம்.

ஜி.எம். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத எந்தத் தலைப்புல காட்டுவ?" என்றார்.

"எதுலயும் காட்ட முடியாது சார்." சட்டப்படி செய்தே ஆக வேண்டியதைச் சமூகப் பொறுப்பில் எழுதக் கூடாது என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பலன் தருவதும் அந்தக் கணக்கில் வராது. அவர் முகம் போன போக்கில் அவரையும் முழுசாகக் குறை சொல்ல முடியவில்லை. ஆண்டறிக்கையில் இடமில்லாத ஒன்றுக்கு அவர் போர்டில் யாரிடம் போய்ப் பேசுவார்?

தாள் இரண்டு மாதம் அவர் மேஜையிலேயே கிடந்தது. பிறகு ஆலை ஆய்வாளர் வரப்போகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அன்று மாலையே கையெழுத்தாகிவிட்டது. ஃபாதருக்கு இந்தக் காரணம் பிடித்திருக்காது. தாத்தாவுக்குப் பிடித்திருக்கும்.

அந்த வேலையை விட்டு வந்து சில வருடமாகிறது. இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக அதே வணிக அறம் எடுக்கிறேன், அதே சனிக்கிழமைக் கடைசி வகுப்பு. போன மாதம் போர்டில் சம்பளப் பட்டியல் எழுதி, லேவியரையும் நபிமொழியையும் சொல்லி முடித்தபோது பாகூர்ப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"சார், உங்களுக்கு எத்தனாந்தேதி போடுறாங்க?"

"போன செமஸ்டருக்கே இன்னும் வரலப்பா" என்றேன்.