தேசிக்காய்ப் புளியை எப்போது விடுவது?

சூடு பட்டால் மரக்கறியின் நிறம் போய்விடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் எல்லா நிறமிகளும் சூட்டுக்கு ஒரே விதமாக இடங்கொடுப்பதில்லை என்பதை, மலையகச் சமையலறைகளில் அன்றாடம் வேகும் கீரையும் பீட்ரூட்டுமே காட்டிவிடும்.

கீரையின் பச்சையத்தில், ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மகனீசியம் அணு இருக்கிறது. இலை வேகும்போது கலங்கள் சிதைந்து அவற்றின் அமிலங்கள் வெளிப்பட, மகனீசியம் நீங்கி ஐதரசன் அந்த இடத்தைப் பிடிக்கிறது. பச்சையம் பியோபைட்டின் என்னும் மங்கிய ஒலிவ் நிறப் பொருளாகிறது. எனவே கீரையைத் திறந்த சட்டியில் விரைவாக வதக்கி, இறக்கிய பிறகே தேசிக்காய்ப் புளி விட வேண்டும். அப்பச்சோடா சேர்த்தால் பச்சை நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இலை கூழாவதோடு விற்றமின் சியும் தயமினும் வீணாவதால், அந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை. இதே மாற்றத்தைத் தேயிலைத் தொழிற்சாலையில் விரும்பியே நிகழவிடுகிறார்கள்: நொதித்துச் செம்பு நிறமாகிய கொழுந்து, உலர்த்தியின் வெப்பக் காற்றில் கறுப்பதற்குப் பச்சையம் பியோபைட்டின் ஆவதும் ஒரு காரணம்.

கரட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அதன் கரோட்டின் நீரில் கரையாது, சாதாரணச் சமையலைத் தாங்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு அதை உடல் உறிஞ்சிக்கொள்ளவும் உதவும்.

பீட்ரூட்டுக்கோ கீரைக்கு நேர்மாறான கவனிப்பு வேண்டும். அதன் சிவப்பாகிய பீட்டானின், சூட்டில் மஞ்சள் நிறப் பீட்டலாமிக் அமிலமாகவும் நிறமற்ற இன்னொரு கூறாகவும் பிளந்துவிடுவதால்தான், நெடுநேரம் கொதித்த கறி பழுப்பேறுகிறது. பிஎச் 4க்கும் 5க்கும் இடைப்பட்ட இலேசான புளிப்பில் இந்த நிறமி சூட்டை நன்றாகத் தாங்கும். ஆகவே இங்கே புளியை அடுப்பில் இருக்கும்போதே விடலாம். ஆயினும் புளி காயை மெதுவாகவே வேக விடுமாதலால், பாதி வெந்த பிறகு விடுவதே நல்லது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதிப்பதால், காய் மெல்ல வெந்து நிறமியும் அதிக நேரம் சூட்டில் கிடக்க நேர்கிறது. பீட்ரூட்டைத் தோலோடு முழுதாக அவித்தால், நிறம் நீரில் கரைந்து போவதும் காற்றுப் பட்டுக் கெடுவதும் குறையும். அவித்ததை உடனே தாளிக்காமல் ஆறவிடுவதிலும் பயன் உண்டு: பிளந்த கூறுகளில் ஒரு பகுதி மறுபடி இணைந்து பீட்டானின் ஆகும்.