செயற்கை நகமும் தோலில் படும் துளியும்

செயற்கை நகம் வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எந்த நிறம், எவ்வளவு நீளம், எத்தனை வாரம் தாங்கும் என்ற கேள்விகளே முந்திக்கொண்டு வருகின்றன. சொந்த நகம் கெட்டுப்போகுமா என்று விசாரிப்பவர்கள்கூட, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு என்ன ஆகும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. எனக்கு அந்தத் தோலைப் பற்றித்தான் அதிகக் கவலை. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்வதால், தேய்ந்தும் பிளந்தும் போன நகம் 6 மாதம் பொறுத்திருந்தால் வேரிலிருந்து புதிதாக வளர்ந்து வந்துவிடும். தோல் வழியாக உள்ளே புகுந்து உடலில் பதிந்துவிட்ட ஒவ்வாமையோ பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை.

அக்ரிலிக் நகம், ஜெல் நகம், ஜெல் பாலிஷ் என்று பெயர்கள் பலவாக இருந்தாலும், அவற்றின் மூலப்பொருள் அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள்தாம். அக்ரிலிக் முறையில் திரவத்தில் தோய்த்த தூரிகையால் பொடியை எடுத்து நகத்தின்மீது வடிவமைக்க, அது தானாகவே இறுகுகிறது. ஜெல் முறையில் விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் பட்டு இறுகுகிறது. முழுவதுமாக இறுகிய பிறகு அது வெறும் பிளாஸ்டிக் என்பதால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. இறுகுவதற்கு முன்பு, சிறு சிறு மூலக்கூறுகளாக இருக்கும் நிலையில் தோலில் பட்டால்தான் அவை உள்ளே ஊடுருவி நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடுகின்றன. அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் 2012-ஆம் ஆண்டின் முதன்மையான ஒவ்வாமைப் பொருளாக அக்ரிலேட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. ஜெல் பாலிஷ்களில் பரவலாகச் சேர்க்கப்படும் ஹெமா என்ற மெத்தாக்ரிலேட்டை, தொழில்முறையாளர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விதி வகுத்தது.

இந்த ஒவ்வாமை எப்போதும் விரலில்தான் தோன்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நகத்தைச் சுற்றி அரிப்பு, விரல் நுனியில் வெடிப்பு, நகம் படுகையிலிருந்து மேலெழுதல் ஆகியவை வழக்கமான அறிகுறிகள். ஆனால் விரல் அடிக்கடி முகத்தைத் தொடுவதாலும், அரம் போடும்போது எழும் தூசி காற்றில் மிதப்பதாலும், இமையிலும் கன்னத்திலும் கழுத்திலும் தடிப்பு வரலாம். அப்படி வரும்போது முகப்பூச்சை மாற்றுவோம், சோப்பை மாற்றுவோம், நகத்தைச் சந்தேகிக்க மாட்டோம். தோல் மருத்துவரிடம் போகும்போது செயற்கை நகம் வைத்திருப்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சந்தேகத்துக்குரிய பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்து எந்த வேதிப்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் உறுதிப்படுத்த அது உதவும்.

நகம் வைப்பதை நிறுத்தினால் பிரச்சினை முடிந்துவிடும் என்றால் நான் இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன். பல் சொத்தையை அடைக்கும் வெள்ளை நிறக் கலவை, மூட்டு மாற்று அறுவையில் செயற்கை மூட்டைப் பதிக்கும் எலும்புச் சிமென்ட், சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சில கருவிகளின் ஒட்டுப்பசை ஆகியவற்றிலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் உள்ளன. இருபது வயதில் ஆசைக்காக வைத்துக்கொண்ட நகத்தால் வந்த ஒவ்வாமை, அறுபது வயதில் அவசியமான ஒரு சிகிச்சையைச் சிக்கலாக்கக்கூடும். இதைச் சொல்லாமலேயே அலங்காரம் செய்துவிடுவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, நகம் வைப்பவர் தோலில் படாமல் ஜெல்லைப் பூசுகிறாரா என்பதையே முதலில் கவனியுங்கள். நகக்கண்ணில் வழிந்தால், விளக்கில் கை வைப்பதற்கு முன்பே அதைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஜெல்லை இன்னொரு நிறுவனத்தின் விளக்கில் இறுக்கினால், அலைநீளமோ ஆற்றலோ பொருந்தாமல், மேற்பரப்பு கெட்டியாகியும் அடிப்பகுதி அரைகுறையாக நின்றுவிடலாம். தடிமனாகப் பூசினாலும் இதே கதைதான். வீட்டிலேயே செய்துகொள்ளும் பெட்டிகளைப் பற்றி நான் தயங்குவது இதனால்தான். இடக்கையால் வலக்கைக்குப் பூசும்போது தோலில் படாமல் பூசுவது மிகவும் கடினம். வீட்டில் செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, பசைப்பட்டை வைத்து ஒட்டும் ஆயத்த நகங்களே பொருத்தமானவை. திரவம் இல்லை, விளக்கு இல்லை, விழா முடிந்ததும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துக் கழற்றிவிடலாம். நானும் அவற்றையே விரும்புகிறேன்.

நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு நம்மைவிடப் பல மடங்கு ஆபத்து இருக்கிறது. மெல்லிய வினைல், லேடெக்ஸ் கையுறைகளை அக்ரிலேட்டுகள் சில நிமிடங்களிலேயே கடந்துவிடும். நைட்ரைல் கையுறை மேலானது என்றாலும் அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு இல்லாத அறையில் வேலை செய்பவர்களுக்கு ஆஸ்துமா வரவும் கூடும். காற்றோட்டமுள்ள கடையைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கும் நாம் செய்யும் உதவி.

அக்ரிலிக் திரவத்தில் எத்தில் மெத்தாக்ரிலேட் இருக்கிறதா, மெத்தில் மெத்தாக்ரிலேட் இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். நகச் சிதைவு, தோலழற்சி பற்றிய புகார்களைத் தொடர்ந்து, 1970-களிலேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முழுக்க மெத்தில் மெத்தாக்ரிலேட்டால் ஆன நகத் திரவங்களைச் சந்தையிலிருந்து அகற்ற நடவடிக்கை எடுத்தது. விலை மலிவு என்பதால் அது இன்னும் சில இடங்களில் புழங்குகிறது. அளவுக்கு மீறிய கடினமும், அசிட்டோனில் எளிதில் கரையாத தன்மையும் அதன் அடையாளங்கள். எங்காவது இடித்துக்கொண்டால் செயற்கை நகம் உடைவதற்குப் பதிலாகச் சொந்த நகமே படுகையிலிருந்து பிய்ந்து வரும்.

தொற்று பெரும்பாலும் இடைவெளியில்தான் தொடங்குகிறது. செயற்கை நகம் ஓர் ஓரத்தில் தூக்கிக்கொண்டால், கீழே ஈரம் தங்கி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகத்தைப் பச்சை நிறமாக்கும். அதன்மேல் புதிய பூச்சு போட்டு மறைப்பதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். முழுவதும் அகற்றி, உலரவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். நகத்தின் அடியோரத்தில் உள்ள மெல்லிய தோலை வெட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கிருமி உள்ளே போகாமல் காப்பதே அந்தத் தோலின் வேலை. அதை வெட்டினால் நகச்சுற்று வர வழி திறந்துவிடும். உலோகக் கருவிகளை ஒவ்வொருவருக்கும் பிறகு கழுவிக் கிருமி நீக்க வேண்டும், அட்டை அரங்களை ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறிந்துவிட வேண்டும். நீல விளக்கு எரியும் பெட்டிக்குள் வைத்து எடுப்பது கிருமிநீக்கம் ஆகாது.

மருத்துவமனைப் பணியாளர்களுக்கு இது சொந்த விருப்பத்தோடு நிற்கும் விஷயமல்ல. நோயாளிகளை நேரடியாகத் தொடுபவர்கள் செயற்கை நகம் அணியக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கைச்சுகாதார வழிகாட்டி கூறுகிறது. கை கழுவிய பிறகும் அந்த நகங்களின் கீழே கிருமிகள் அதிகம் எஞ்சுகின்றன.

விளக்கைப் பற்றிய அச்சத்தை அளவோடு வைத்துக்கொள்ளலாம். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் இந்த விளக்குகள் டி.என்.ஏ. சேதத்தை உண்டாக்குவதைக் காட்டியது. மனிதர்களுக்குப் புற்றுநோய் வரும் என்று அது நிரூபிக்கவில்லை. விரல் நுனி வெட்டப்பட்ட கையுறையோ, 20 நிமிடம் முன்பே தடவிய எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனோ போதுமான எச்சரிக்கை. ஆனால் டாக்சிசைக்ளின் போன்ற, ஒளி பட்டால் தோல் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஜெல்லைத் தள்ளிப்போடுங்கள்.

கழற்றும்போது பொறுமை வேண்டும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து 10 முதல் 15 நிமிடம் விட்டால் ஜெல் பாலிஷ் தானாக இளகும். அக்ரிலிக்குக்கு இன்னும் நேரமாகும். பிய்த்து இழுத்தால் நகத்தின் மேலடுக்குகளும் சேர்ந்தே வரும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

இவற்றையெல்லாம் வீட்டில் வைத்திருப்பவர்கள், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். ஆயத்த நகங்களை ஒட்டும் திரவ நகப்பசையில் இருப்பது சயனோஅக்ரிலேட். அது பருத்தித் துணியில் கொட்டினால் வேகமாக வினைபுரிந்து, தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாகும். அப்படிக் கொட்டிவிட்டால், ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காமல், அந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட்டபின் மருத்துவரிடம் செல்லுங்கள். நகப்பசைப் புட்டி சொட்டுமருந்துப் புட்டியைப் போலவே தோற்றமளிப்பதால் கண்ணில் தவறுதலாக விட்டுக்கொண்டவர்களும் உண்டு. இமைகளைப் பிரிக்க முயலாமல், தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் விரைய வேண்டும்.